பாதி மாணவர், பாதி ஆசிரியர்

ஆகஸ்ட் மாதம் பல்கலைக்கழகங்கள் திறக்கும்போது முதலாண்டு மாணவர்கள் மட்டும் புதியவர்கள் அல்லர். அவர்களுக்கு வகுப்பெடுக்கப் போகிறவர்களிலும் சிலர் புதியவர்கள்தாம். முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. கையில் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, தம்மைவிட மூன்று நான்கு வயதே இளைய இருபது பேர் முன்னால் போய் நிற்பார்கள். தேசிய சேவையை முடித்துவிட்டு வந்த பையன்கள் என்றால் அந்த வயது வித்தியாசமும் இருக்காது. கற்பித்தல் உதவியாளர் என்பது இவர்களின் முறையான பெயர். டீச்சிங் அசிஸ்டன்ட் என்பதைச் சுருக்கி எல்லாரும் சொல்வது ‘டிஏ’.

நான் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் ஆறு பருவங்கள் டிஏவாக இருந்தேன். அந்த ஆண்டுகளில் நான் படித்தேனா, வேலை பார்த்தேனா என்பது என் சொந்தக்காரர்கள் பலருக்கு இன்றுவரை தெளிவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாதா மாதம் பணம் வரும், ஆனால் அது உபகாரச் சம்பளம். வகுப்பெடுப்போம், ஆனால் ஆசிரியர் இல்லை. மதிப்பெண் போடுவோம், ஆனால் அதை முடிவு செய்பவர் வேறொருவர். இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் சிலர், “என்ன செய்யணும், எதுக்கு யாரைக் கேக்கணும்?” என்று விசாரித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரும் தெரிந்துகொள்ள இதில் சில விஷயங்கள் உண்டு.

பெரிய பாடங்களில் ஒரு விரிவுரைக்கு 200, 300 மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பேராசிரியர் மேடையில் பேசுவார். அத்தனை பேருடனும் அவரால் தனித்தனியே உரையாட முடியாது. அதனால் மாணவர்களை இருபது இருபத்தைந்து பேராகப் பிரித்து டியூட்டோரியல் வகுப்பு நடக்கும். அங்கேதான் டிஏ வருகிறார். பொறியியல், அறிவியல் துறைகளில் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களோடு நின்று சோதனைகளைச் செய்யவைப்பவரும் அவரே. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் உபகாரச் சம்பளம் பெறும் முனைவர் பட்ட மாணவர்களின் பயிற்சியில் இத்தகைய பணியும் ஓர் அங்கம். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் மூத்த இளநிலை மாணவர்களே டிஏவாக இருப்பதும் உண்டு. முதலாண்டு மாணவர் பலருக்குப் பேராசிரியரின் முழுப் பெயர் நினைவில் இருக்காது, டிஏவின் பெயர் இருக்கும். பாடம் பிடித்துப்போவதும் வெறுத்துப்போவதும் பெரும்பாலும் இந்தச் சின்ன அறையில்தான் நடக்கிறது.

பாடம் நடத்துவதை இரண்டு மூன்று வாரங்களில் பழகிவிடலாம். எது என் முடிவு, எது பேராசிரியரின் முடிவு, எதில் இருவருமே தலையிடக் கூடாது என்பதைத்தான் பழகுவது சிரமம். இது தெரியாமல் தடுமாறுகிற டிஏ தானும் களைத்துப்போவார், மாணவருக்கும் அநியாயம் செய்துவிடுவார்.

மணிக்கணக்கு

முதல் விரிவுரைக்கு முன்பே பேராசிரியரைப் போய்ப் பாருங்கள். எத்தனை குழுக்கள், எத்தனை ஒப்படைப்புகள், திருத்தி முடிக்க எத்தனை நாள், விரிவுரைக்கு நானும் வர வேண்டுமா, தாமதமாக வரும் ஒப்படைப்புக்கு என்ன விதி, மாணவர் மின்னஞ்சலுக்கு நான் பதில் சொல்வதா நீங்கள் சொல்வதா என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் அனுபவம் இல்லாதவர் என்று நினைத்துவிடுவாரோ எனத் தயங்க வேண்டாம். உண்மையில் அனுபவம் இல்லைதானே. பேசி முடித்த பிறகு, பேசியதை நாலு வரியில் மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடுங்கள். பின்னால் யாருக்காவது மறந்துபோனால் அந்த நாலு வரி உதவும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மூன்று குழுக்கள், குழுவுக்கு 22 பேர். மொத்தம் 66 கட்டுரைகள். ஒரு கட்டுரையைப் படித்து, குறிப்பெழுதி, மதிப்பெண் போட 20 நிமிடம் என்று வைத்தால் 22 மணி நேரம். இது ஓர் ஒப்படைப்புக்கு மட்டும். பருவத்துக்கு இரண்டு என்றால் 44. இதற்குமேல் வாரா வாரம் மூன்று மணி நேர வகுப்பு, அதற்கு ஆயத்தம், மின்னஞ்சல்கள், தேர்வுத்தாள். நன்றாகத் திருத்த வேண்டும் என்ற ஆசையில் 20 நிமிடத்தை 40 ஆக்கினால், ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் அந்தப் பருவத்தில் காணாமல் போய்விடும். ஆய்வேடு தாமதமானால் யாரும் வந்து, ‘நீ மாணவர்களுக்காக உழைத்தாய்’ என்று ஓர் ஆண்டு கூட்டித் தரப்போவதில்லை. உபகாரச் சம்பளத்துக்குக் காலவரம்பு உண்டு.

அதனால் மணிக்கணக்கை எழுதிவைப்பது அவசியம். வேறொரு துறையில் இருந்த என் தோழிக்கு டிஏ நேரத்தில் பேராசிரியரின் சொந்த ஆய்வுக்கான தரவுகளைக் கணினியில் ஏற்றும் வேலை தரப்பட்டது. அவள் நான்கு வாரம் செய்தாள், ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் என்று குறித்தாள், பிறகு அந்தத் தாளைத் துறையில் பட்டப்படிப்புக்குப் பொறுப்பானவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அடுத்த வாரம் வேலை மாறிவிட்டது. குரலை உயர்த்த வேண்டிய தேவையே வரவில்லை.

அமெரிக்காவில் இந்த மணிக்கணக்கு விவகாரம் வீதிக்கே வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிஏக்கள் 1966இல் சங்கம் அமைத்து, 1970இல் வேலைநிறுத்தமும் செய்தார்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும் பட்டதாரி மாணவர்களும் ஊழியர்களே என்று கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் 2016இல் அங்குள்ள தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்பளித்தது. 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் டிஏக்கள், ஆய்வு உதவியாளர்கள் என ஏறத்தாழ 48,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். நம் பிள்ளைகள் அங்கே போவதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். மாணவர் விசாவில் இருப்பவர் பருவம் நடக்கும்போது வளாகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குமேல் வேலை செய்யக் கூடாது. டிஏ வேலையும் அந்தக் கணக்கில்தான் வரும். ‘கொஞ்சம் கூடுதலாகச் செய்துகொடு’ என்று யாராவது கேட்டால், மறுப்பதற்கு விசா விதியே போதும்.

சிவப்புப் பேனா

ஒரே மாலையில் 30 கட்டுரை திருத்தினால் முதல் கட்டுரையைப் பார்த்த கண் கடைசிக் கட்டுரையைப் பார்க்காது. பசி, தூக்கம், முந்தைய கட்டுரையின் தரம், எல்லாம் மதிப்பெண்ணில் ஏறிவிடும். அதைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. பேராசிரியரிடம் மதிப்பீட்டு அட்டவணையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஐந்து கட்டுரைகளை எல்லா டிஏக்களும் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் 72 போட்டதற்கு இன்னொருவர் 58 போட்டிருப்பார், அப்போது தெரியும் விஷயம். முடிந்தால் பெயரை மறைத்துத் திருத்துங்கள். தேர்வுத்தாளை ஆள் ஆளாகத் திருத்தாமல் கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள். எல்லாருடைய முதல் கேள்வி, பிறகு எல்லாருடைய இரண்டாம் கேள்வி என்று போனால் அளவுகோல் மாறாது. முடித்த பிறகு முதலில் திருத்திய பத்தை மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

மதிப்பெண் வெளியானதும் வாசலில் ஆள் நிற்கும். ஒரு மாணவர் இரண்டு மதிப்பெண்ணுக்காக என்னிடம் வந்தார். அந்த இரண்டு கிடைத்தால் தரம் ஒரு படி ஏறும், ஏறினால் அவருடைய உபகாரச் சம்பளம் நிலைக்கும். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மதிப்பெண்ணை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை என்றேன். அது சாக்கு இல்லை, விதியே அதுதான். கட்டுரையை அவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். எங்கே வாதம் நின்றுபோனது என்று காட்டினேன். மறுமதிப்பீட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது, எந்தத் தேதிக்குள், யாருக்கு என்று சொன்னேன். விண்ணப்பித்தார். மதிப்பெண் மாறவில்லை. அடுத்த கட்டுரையை ஒரு வாரம் முன்பே வரைவாகக் கொண்டுவந்து காட்டினார், அதில் ஒன்பது மதிப்பெண் கூடியது. இறுதி மதிப்பெண் டிஏ கையில் இல்லை. அந்த ஒன்பதுக்கு வழிகாட்டும் குறிப்பு முழுக்க முழுக்க டிஏ கையில் இருக்கிறது. ‘மேலும் விளக்கவும்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ‘இந்தப் பத்தியில் காரணம் சொல்கிறீர்கள், சான்று எங்கே?’ என்று எழுதினால் மாணவருக்கு அடுத்து என்ன செய்வதென்று புரியும்.

நம் சமூகம் சின்னது

சிங்கப்பூரில் தமிழர் டிஏவுக்கு வரும் ஒரு சங்கடம் பயிற்சிக் கையேடு எதிலும் இருக்காது. சிராங்கூன் ரோட்டில் கோயிலுக்குப் போயிருந்தபோது அம்மாவின் தோழி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, எங்க பையன் உன் பாடத்துலதான் இருக்கானாம். கொஞ்சம் பாத்துக்கம்மா. நம்ம புள்ள.” கூடவே, “போன டெஸ்ட்ல எவ்வளவு வாங்கினான்? கேட்டா சொல்ல மாட்டேங்கிறான்.”

அவர் தவறான எண்ணத்தில் கேட்கவில்லை. பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்குப் போய்ப் பழகியவர். ஆனால் பல்கலைக்கழகத்தில் மாணவரின் மதிப்பெண் அவருக்கு உரியது. பெற்றோரே கேட்டாலும் டிஏ சொல்லக் கூடாது. “அத்தை, அதை அவனே சொல்றதுதான் சரி. நான் சொன்னா என் வேலைக்கே பிரச்சினையாயிடும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். திங்கட்கிழமை பேராசிரியரிடம் போய், இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும், இவருடைய தாளை வேறு டிஏ திருத்தட்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஐந்து நிமிட வேலை. செய்யாமல் விட்டிருந்தால், அந்தப் பையன் நன்றாக எழுதி உயர்ந்த மதிப்பெண் வாங்கும்போதுகூட, ‘அக்கா போட்டது’ என்ற பேச்சு வந்திருக்கும். அது அவனுக்குத்தான் இழுக்கு.

இதே காரணத்துக்காகத்தான் மாணவர்களோடு பழகுவதிலும் ஓர் எல்லை தேவை. டெலிகிராம் குழு வைப்பது இப்போது சகஜம். பாட அறிவிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண், வருகை, ஒருவருடைய உடல்நலம் எதுவும் அதில் வரக் கூடாது. இரவு 11 மணிக்கு வரும் கேள்விக்கு மறுநாள் காலையில் பதில் சொல்வேன் என்று முதல் வகுப்பிலேயே அறிவித்துவிடுங்கள். உங்கள் தாளைத் திருத்தும் ஒருவர் உங்களைக் காப்பி குடிக்க அழைத்தால் மறுக்க எவ்வளவு தயக்கமாக இருக்கும் என்று யோசித்தால், பருவம் முடியும்வரை ஏன் தள்ளி நிற்க வேண்டும் என்பது விளங்கும்.

காணாமல் போன மாணவி

ஆறாம் வாரம் ஒரு மாணவி வருவதை நிறுத்தினார். இரண்டு வகுப்புகளுக்கு வரவில்லை, ஒப்படைப்பும் வரவில்லை. ‘இரண்டு வாரமாக உங்களைப் பார்க்கவில்லை, நலமா? பேச வேண்டுமென்றால் புதன்கிழமை 3 மணிக்கு அறையில் இருப்பேன்’ என்று எழுதினேன். வந்தார். அப்பா மருத்துவமனையில். வீட்டுச் செலவுக்காக இவர் இரவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கு இந்தப் படிப்பெல்லாம் என்று சொன்னார்.

அந்த இடத்தில் எல்லாவற்றையும் நாமே சரிசெய்துவிட வேண்டும் என்று தோன்றும். டிஏ மனநல ஆலோசகர் இல்லை, கால நீட்டிப்பு தரும் அதிகாரமும் அவருக்கு இல்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பதும் ஆபத்து. உயிருக்குப் பாதகம் என்று தோன்றினால் சொல்லியே ஆக வேண்டும். நான் செய்தது இவ்வளவுதான்: கேட்டேன். பேராசிரியருக்கு அவர் முன்னாலேயே அவர் சம்மதத்தோடு மின்னஞ்சல் எழுதினோம். பல்கலைக்கழகத்தின் ஆலோசனை நிலையத்துக்கு அவரோடு நடந்துபோய் வாசல்வரை விட்டேன். அலுவலக நேரம் முடிந்துவிட்டால் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767 எண் 24 மணி நேரமும் இயங்கும் என்பதைச் சொன்னேன். அந்தப் பருவத்துக்கு அவர் விடுப்பு எடுத்தார். ஓராண்டு கழித்து உணவங்காடியில் பார்த்தபோது மூன்றாம் ஆண்டுப் பாடம் எதை எடுக்கலாம் என்று என்னிடம் கேட்டார்.

வருகைப் பட்டியலைப் பலர் வெறும் சடங்காக நினைக்கிறார்கள். 300 பேர் விரிவுரையில் ஒருவர் இல்லாதது யாருக்கும் தெரியாது, 22 பேர் அறையில் தெரியும்.

இயந்திரம் எழுதியதா?

இப்போது டிஏக்கள் அதிகம் தவிப்பது இதில்தான். கட்டுரை சாட்ஜிபிடி எழுதியதுபோல் இருக்கிறது, என்ன செய்வது? முதலில், டிஏ துப்பறிவாளர் ஆகக் கூடாது. மாணவரைத் தனியே அழைத்து விசாரிப்பது, மிரட்டி ஒப்புக்கொள்ள வைப்பது எல்லாம் கூடவே கூடாது. எந்த இடங்கள் சந்தேகம் தருகின்றன, இல்லாத நூலை மேற்கோள் காட்டியிருக்கிறாரா என்று குறித்து பேராசிரியரிடம் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது. டர்னிடின் காட்டும் ஒற்றுமை விழுக்காடு தீர்ப்பு ஆகாது. மேற்கோளும் நூற்பட்டியலும்கூட அதில் சேரும்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளை இன்னும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளை இத்தகைய ஏழு கருவிகளில் சோதித்தார்கள். மனிதர் எழுதிய அக்கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியதாகக் கருவிகள் சொல்லின. வீட்டில் தமிழும் சீனமும் பேசி வளர்ந்து, எளிய ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கே கற்றுக்கொள்வது?

பல்கலைக்கழகங்களில் கற்பித்தலுக்கென்றே ஒரு மையம் இருக்கும். புதிய டிஏக்களுக்கு அவை பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. கட்டாயம் என்பதற்காகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். அங்கே கிடைக்கும் மிகப் பெரிய உதவி, உங்களுக்கு வேறு துறை டிஏக்கள் அறிமுகமாவது. ஹார்வர்டின் டெரெக் போக் மையமும் பெர்க்லியில் டிஏக்களுக்கென்றே இயங்கும் மையமும் தங்கள் வழிகாட்டிகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் வில்பர்ட் மெக்கீச்சியின் ‘டீச்சிங் டிப்ஸ்’ 1950களிலிருந்து பதிப்புமேல் பதிப்பாக வந்த நூல். முதல் நாள் என்ன பேசுவது என்பதற்கும் அதில் ஒரு பகுதி உண்டு. நூலகத்தில் கிடைத்தால் அந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வரும் நண்பர்கள் என்னிடம் அதிகம் சொன்ன குறை, “இங்க பசங்க வாயே திறக்க மாட்டேங்கிறாங்க” என்பது. மரியாதைக் குறைவு இல்லை, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கணக்கிட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அந்த மூன்று விநாடி மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு மூன்று நிமிடமாகத் தெரியும். தண்ணீர் குடியுங்கள், அதற்குள் யாராவது பேசுவார்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுவதைவிட வேகத்தைக் குறைத்து, முக்கியச் சொற்களைப் பலகையில் எழுதிப் போடுவது பயன் தரும்.

பருவம் முடிந்தபின் வரும் மாணவர் கருத்துப் படிவம் அந்த மாணவர்களுக்கு உதவாது. ஐந்தாம் வாரத்திலேயே பெயர் எழுதாத ஒரு துண்டுச் சீட்டில் ‘எது உதவுகிறது, எது புரியவில்லை’ என்று இரண்டே கேள்வி கேட்டு வாங்குங்கள். பேராசிரியரையோ மூத்த டிஏவையோ ஒரு வகுப்புக்கு வந்து பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். பின்னாளில் கற்பித்தல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, உங்கள் வகுப்பை நேரில் பார்த்தவர் எழுதும் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

கடைசித் தாளும் போய்ச் சேர்ந்த பிறகு, பெயரும் மதிப்பெண்ணும் உள்ள கோப்புகளைத் துறை சொல்லும் முறைப்படி ஒப்படைத்துவிட்டு, உங்கள் மடிக்கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். வகுப்புக் குறிப்புகளை மட்டும் வைத்திருந்து, அடுத்த பருவம் அதே பாடத்துக்கு வரும் டிஏவிடம் கொடுங்கள். எனக்கும் ஒருவர் அப்படித்தான் கொடுத்தார். மூன்றாம் வார வகுப்புக்கு நேரே பென்சிலில், ‘இந்தக் கேள்வியைக் கேட்காதே, யாருக்கும் புரியாது, எனக்கும் புரியவில்லை’ என்று எழுதியிருந்தது.